நிதி திரட்டும் குழுத் தலைவி நான், ரசீது போடவே மறந்துவிடுகிறேன்

கேள்வி: திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 11 வயது, ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமை, மிகையான துறுதுறுப்பு) இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் சிலர் சேர்ந்து மூன்று வருடத்துக்கு மேலாக ஒரு சிறிய டிரஸ்ட் நடத்துகிறோம். சனிக்கிழமைகளில் 24 பிள்ளைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை), பெற்றோருக்குப் பயிற்சி. வருடத்துக்கு 40 சனிக்கிழமை, மொத்தச் செலவு 9 லட்சத்து 60 ஆயிரம். போன மார்ச்சில் என்னை நிதி திரட்டும் குழுவுக்குத் தலைவி ஆக்கிவிட்டார்கள். எல்லோரும் தன்னார்வலர்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது. குழுவில் ஒன்பது பேர் இருந்தும் போய்க் கேட்பது நான் ஒருத்திதான். நன்கொடையை என் ஜிபேயில் வாங்கி அப்புறம் டிரஸ்ட் கணக்கில் போடுகிறேன். ரசீது அனுப்ப மறந்துவிடுகிறது, ஒரு பெரியவர் போன் பண்ணித் திட்டியே விட்டார். நான்கு மாதம் அலைந்து நடத்திய மெல்லிசை நிகழ்ச்சியில் 30 ஆயிரம்தான் மிஞ்சியது. பிள்ளைகள் கத்தி அழும் வீடியோவைப் போட்டால் பணம் கொட்டும் என்கிறார் ஒருவர். ஒரு மருந்து கம்பெனி ஸ்பான்சர் பண்ணுகிறேன் என்கிறது. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகனும் பணம் அனுப்பத் தயார். இதற்கு நடுவில், 38 வயதில், எனக்கும் ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் சொல்லிவிட்டார். விலகிவிடட்டுமா?

பதில்: விலகுவதைக் கடைசியில் பேசுவோம். போகிற போக்கில் ஜிபே பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் ஆறு மாதத்தில் மெல்லச் சரிசெய்துகொள்ளலாம். இதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்.

உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை, உங்கள் குழுவிலும் இன்றைக்கு யாருக்கும் இருக்காது. ஆனால் இரண்டு வருடம் கழித்து ஏதோ ஒரு மனஸ்தாபத்தில் யாராவது ஒருவர், "அந்தம்மா கணக்குலதானே பணம் வந்துச்சு" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், அதைத் துடைக்க உங்களால் முடியாது. அதோடு உங்கள் கணக்குக்கு வந்த பணத்துக்கு டிரஸ்ட் ரசீது போட்டால், கொடுத்தவருடைய வங்கிப் பதிவில் டிரஸ்ட்டின் பெயரே இருக்காது. நாளைக்கு வருமான வரித்துறை கேட்டால் அவரும் முழிப்பார், நீங்களும் முழிப்பீர்கள். இதுவரை வந்த பணத்தை பேங்க் ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு தேதிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள், மிச்சம் இருப்பதை ஒரே தடவையில் டிரஸ்ட் கணக்குக்கு மாற்றுங்கள், அந்தத் தாளில் பொருளாளரிடம் கையெழுத்து வாங்கி மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டிவிடுங்கள். டிரஸ்ட் பெயரிலேயே கியூஆர் கோடு வாங்கிக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் அப்புறம் உங்கள் எண்ணை யாரும் கேட்கப் போவதில்லை.

அடுத்தது ரசீது. திட்டினார் என்று சொன்னீர்களே, அந்தப் பெரியவர் உங்களுக்குக் கிடைத்த வரம். ரசீது வராதவர்களில் பெரும்பாலோர் திட்டுவதில்லை, சத்தமில்லாமல் அடுத்த வருடம் போனை எடுக்காமல் விட்டுவிடுவார்கள். இவர் உரிமையோடு கோபப்பட்டிருக்கிறார். அவர் வீட்டுக்கு நேரில் போய் ரசீதைக் கையில் கொடுத்து, "தப்பு எங்க மேலதாங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள், காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். நிதி திரட்டும் இந்த வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், இப்படிச் சமாதானமானவர்கள்தான் பிறகு நாலு பேரைக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

உங்களுக்கு 80ஜி பதிவு, அதாவது நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு, இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இல்லையென்றால் முதலில் ஆடிட்டரைப் பாருங்கள். 80ஜி வாங்கிய டிரஸ்ட், யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை பான் எண்ணோடு ஒவ்வொரு வருடமும் மே 31க்குள் வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும், 10பிடி என்கிற படிவம் அதுதான். அதைச் செய்தால்தான் கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ் இறங்கும், அது இல்லாமல் அவர் வரிச்சலுகை கேட்க முடியாது. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம், அது போக அபராதமும் வரலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அந்தத் தொகைக்குச் சலுகையே இல்லை. 2025இல் வந்த புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஊர் இன்னும் பல வருடம் 80ஜி என்றுதான் சொல்லும், நானும் அப்படியே சொல்கிறேன், எண்ணை ஆடிட்டர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பணம் வருகிற அந்த நிமிடமே பெயர், பான், முகவரி மூன்றையும் வாங்கிவிடுவது. மே மாதம் உட்கார்ந்து நூறு பேருக்குப் போன் போட்டு "அண்ணா, பான் நம்பர் சொல்லுங்க" என்று கெஞ்சுவதைப் போல ஒரு தண்டனை வேறு இல்லை.

இது மறதிக்காரர்களுக்கு எப்படி முடியும் என்று கேட்பீர்கள். ஏ.டி.எச்.டி. பெரிய அளவில் பரம்பரையாக வருவது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இதில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்கின்றன. அப்படியென்றால் உங்கள் ஒன்பது பேர் குழுவில் உங்களைப் போல இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தால் ஆச்சரியமே இல்லை, அவர்களுக்கே அது தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான். அந்தக் குழுவில் ராத்திரி பத்தரை மணிக்கு "யாராவது ரசீதைப் போட்டுடுங்க ப்ளீஸ்" என்று ஒரு மெசேஜ் போட்டால் ஒன்பது பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள், ரசீதைத் தவிர மற்றதெல்லாம் நடக்கும். அதற்காக யாரையும் கோபித்துப் பயனில்லை. சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள்? வேலையைச் சின்னதாக உடை, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வை, பக்கத்தில் ஒரு ஆள் உட்காரட்டும். அதையேதான் உங்கள் கமிட்டிக்கும் செய்யப் போகிறீர்கள்.

எப்படியும் சனிக்கிழமை பிள்ளைகள் உள்ளே இருக்கும் நேரம் பெற்றோர் வராந்தாவில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டுதானே இருப்பீர்கள்? அங்கே ஒரு மேஜை போடுங்கள். நாலு பேர், ஆளுக்கு ஐந்து பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, நடுவில் ரசீதுப் புத்தகம், ஒரு மணி நேரம். பேசி முடித்ததும் அடுத்த போனுக்கு முன்னால் ரசீது, அதன் போட்டோ அப்போதே வாட்ஸ்அப்பில். தனியாக வீட்டில் இருந்தால் நாலு நாள் தள்ளிப்போடுகிற போனை, பக்கத்தில் இன்னொருத்தர் டயல் பண்ணுவதைப் பார்த்துக்கொண்டே நீங்களும் போட்டுவிடுவீர்கள். வருடத்துக்கு 40 சனிக்கிழமை. அதில் பாதி நடந்தாலும் நாலு பேர், ஐந்து போன் என்று 400 போன் ஆகிறது. இன்றைக்கு நீங்கள் தனியாளாக எத்தனை போன் பேசுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கேட்பது நான் ஒருத்திதான் என்பது உங்கள் பெரிய மனக்குறையாகத் தெரிகிறது. மற்றவர்கள் ஏன் கேட்பதில்லை? சோம்பல் என்று நான் நினைக்கவில்லை, எதைச் சொல்லிக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியாது. உங்கள் 9,60,000 என்ற தொகையைக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது, கொஞ்சம் பயம் வரும். நான் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 24 பிள்ளைகள், 40 சனிக்கிழமை, பெருக்கினால் 960. செலவை அதால் வகுத்தால் சரியாக ஆயிரம் ரூபாய். ஒரு பிள்ளைக்கு ஒரு சனிக்கிழமை, ஆயிரம் ரூபாய். இவ்வளவு சுத்தமான கணக்கு எல்லா டிரஸ்ட்டுக்கும் அமைவதில்லை. இனி உங்கள் குழுவில் கூச்ச சுபாவமான ஆள்கூட, "எங்க பிள்ளைங்கள்ல ஒருத்தருக்கு ஒரு சனிக்கிழமைக்கு ஆயிரம் ரூபாய் ஆகுதுங்க, நீங்க ஒரு அஞ்சு சனிக்கிழமை ஏத்துக்கறீங்களா?" என்று கேட்டுவிடலாம்.

அதற்கு முன்னால் ஒரு சங்கடமான கேள்வி. அந்த ஒன்பது பேரும் இதுவரை ஆளுக்கு ஒரு சனிக்கிழமையாவது கொடுத்திருக்கிறார்களா? உழைப்பைக் கொடுக்கிறோமே என்பார்கள், வாஸ்தவம்தான். ஆனால் தன் கையிலிருந்து கொடுத்தவர் கேட்கும்போது குரல் வேறு மாதிரி இருக்கும், எதிரில் இருப்பவர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். வசதி இல்லாதவர் நூறு ரூபாய் கொடுக்கட்டும், தொகை முக்கியமில்லை. அப்புறம் மொத்தத்தைப் பிரித்துப் பாருங்கள்: மாதம் 500 கொடுக்க 40 குடும்பம் பிடித்தால் 2,40,000. ஐயாயிரம் கொடுப்பவர் 60 பேர், 3 லட்சம். 25,000 கொடுக்கிற பத்து இடம், இரண்டரை லட்சம். மிச்சம் 1,70,000 தான், அதை ஏதாவது ஒரு கம்பெனியிலோ சங்கத்திலோ பார்த்துக்கொள்ளலாம். உங்கள் நேரத்தை அந்தப் பத்து இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை மேஜை பார்த்துக்கொள்ளும். அந்தப் பத்து இடத்துக்கும் தனியாகப் போகாதீர்கள், குழுவில் ஒருவரைக் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள், மூன்றாவது இடத்தில் அவரைப் பேசவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். தலைவி வேலை என்பது அதுதான்.

பெரிய இடத்தில் கேட்கும்போது ஒன்று. தொகையைச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிடுங்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஆரம்ப காலத்தில் ஒரு மில் முதலாளியிடம் 25,000 என்று கேட்டுவிட்டு, அவர் யோசித்த நாலு வினாடியைத் தாங்க முடியாமல், "முடியலைன்னா அஞ்சாயிரம் கூடப் போதுங்க" என்று உளறினேன். சிரித்துக்கொண்டே ஐயாயிரம் கொடுத்தார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது மேனேஜர் சொன்னார், "ஏனுங்க, செக் புக்க எடுத்துட்டு வரச்சொல்லி எனக்குக் கண்ணக் காட்டிட்டாருங்களே, அதுக்குள்ள நீங்க எதுக்குக் கொறைச்சீங்க?" உங்களைப் போல மனதில் வந்தது வாயில் வந்துவிடுகிறவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். எதிரில் தண்ணீர் வைத்திருப்பார்கள், தொகையைச் சொன்னதும் டம்ளரை எடுத்து மெதுவாகக் குடியுங்கள். வாயில் தண்ணீர் இருந்தால் பேச முடியாது.

யாரிடம், எப்போது? அக்டோபர் ஏ.டி.எச்.டி. விழிப்புணர்வு மாதம் என்று உங்கள் குழுவில் யாராவது போஸ்டரோடு வருவார்கள். பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசுங்கள், நல்லது. பணம் மட்டும் கேட்காதீர்கள், தீபாவளிக்கு முன்னால் போனஸ் கணக்கில் கழுத்துவரை மூழ்கியிருக்கும் பனியன் கம்பெனி முதலாளி உங்கள் போனை எடுக்கவே மாட்டார். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை போங்கள், வருடக் கணக்கு முடிக்கிற நேரம், ஆடிட்டர் ஏற்கெனவே அவரிடம் வரி பற்றிப் பேசியிருப்பார். திருப்பூரில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சம்பளக்காரர்களில் பலர் புதிய வரி முறைக்குப் போய்விட்டார்கள், அதில் 80ஜி சலுகை கிடையாது, அவர்களிடம் வரியைப் பற்றிப் பேசுவதே வீண். ஆனால் பார்ட்னர்ஷிப் நிறுவனங்களுக்கு அந்தப் புதிய முறை பொருந்தாது, அவர்களுக்கு 80ஜி இன்னும் உயிரோடு இருக்கிறது, வரம்புக்கு உட்பட்டு, கொடுத்ததில் பாதித் தொகையை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் பார்ட்னர்ஷிப்புக்கா பஞ்சம்?

சி.எஸ்.ஆர். பணம், அதாவது கம்பெனிகள் சட்டப்படி சமூக வேலைக்கு ஒதுக்கும் பணம், என்று எல்லோரும் கனவு காண்கிறார்கள். அந்தச் சட்டம் கம்பெனிகளுக்கு மட்டும்தான், அதிலும் வருடம் 5 கோடி லாபமோ, 1,000 கோடி விற்றுமுதலோ, 500 கோடி நிகர மதிப்போ இருந்தால்தான். அவர்கள் மூன்று வருட வேலை, டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர். பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எல்லாம் கேட்பார்கள். முதலில் ஒரே ஒரு கம்பெனியை முயன்று பாருங்கள், போதும். அங்கே போகும்போது ஒரு கேள்வி வரும்: "பிள்ளைகளுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருக்கா?" 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. அதனால் அதை மட்டும் காரணமாகக் காட்டி அட்டை வாங்க முடியாது. இதை மழுப்பாமல் சொல்லிவிட்டு, கல்வித் திட்டம் என்றே எழுதிக் கொடுங்கள், அதுதான் உண்மையும்கூட.

"எங்க காலத்துல இதெல்லாம் ஏதுங்க, பையன் துறுதுறுன்னு இருக்கான்" என்று சொல்பவரும் கட்டாயம் வருவார். 1902இலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார், இப்படிச் சொல்பவருடைய தாத்தா காலம் அது. ஆனால் பணம் கேட்கப் போன இடத்தில் வாதத்தில் ஜெயித்து என்ன பண்ணப் போகிறீர்கள்? உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இருக்கிறது, உங்கள் பேரன் வகுப்பில் நாற்பது பேர் என்றால் இரண்டு பேர், என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பாதி நேரம் அந்த இரண்டு பேரில் ஒருவன் அவருடைய பேரன்தான்.

வீடியோ வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. பணம் வரும், அது பொய் இல்லை. ஆனால் உங்கள் மகனுக்கு இப்போது 11, மூன்று வருடத்தில் அவன் வகுப்புப் பையன்கள் அதைத் தேடி எடுத்து லஞ்ச் நேரத்தில் ஓட்டுவார்கள். அதற்குப் பதிலாக ஒரு அம்மாவை, முகம் காட்டாமல், பேசச் சொல்லுங்கள்: "ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள ஷூ மாட்ட வைக்க முக்கால் மணி நேரம் ஆகும், தினம் அடி, அழுகை. இங்க வந்தப்புறம் செவுத்துல நாலு படம் ஒட்டி வச்சோம், இப்ப அவனே பாத்துப் பாத்துக் கிளம்பறான்." அந்தச் சுவரையும் நாலு படத்தையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். ஆயிரம் ரூபாய் எங்கே போகிறது என்று பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும்.

மருந்து கம்பெனி விஷயத்தில் அமெரிக்காவில் நடந்த கதை ஒன்று உங்களுக்குப் பாடம். 1987இல் பெற்றோரும் சில நிபுணர்களும் சேர்ந்து தொடங்கிய சாட் என்ற ஏ.டி.எச்.டி. அமைப்பு அங்கே மிகப் பெரிதாக வளர்ந்தது. ரிட்டாலின் என்ற ஏ.டி.எச்.டி. மருந்தைத் தயாரித்த சிபா-கைகி கம்பெனியிடமிருந்து அது லட்சக்கணக்கான டாலர் வாங்கியது 1995இல் பெரிதாக வெளியே வந்து, அவர்கள் மருந்தைப் பற்றி நியாயமாகச் சொன்னதைக்கூட ஜனங்கள் சந்தேகமாகப் பார்க்கும்படி ஆயிற்று. அவ்வளவு பெரிய அமைப்பு அடியைத் தாங்கிக்கொண்டது. உங்கள் 24 குடும்பம் தாங்குமா? மருந்து வேண்டுமா வேண்டாமா என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் டாக்டர் முடிவு செய்வது. அந்த முடிவுக்குப் பக்கத்தில் உங்கள் டிரஸ்ட்டின் பேனரும் கம்பெனியின் பேனரும் சேர்ந்து தொங்க வேண்டாம். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள், மறுத்ததை மினிட்ஸில் எழுதுங்கள், அப்புறம் வருகிறவர்கள் மறுபடி ஆரம்பிக்க மாட்டார்கள்.

சித்தப்பா மகனிடம் ஒரே கேள்வி: பாஸ்போர்ட் எந்த நாடு? கிரீன் கார்டோடு இந்தியக் குடிமகனாகவே இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதி ஆகாது, பாஸ்போர்ட் நகலை மட்டும் வாங்கி ஃபைலில் வையுங்கள். அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டான் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் அவனிடம் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. அவன் ஊருக்கு வந்து கையில் ரூபாயாகக் கொடுத்தாலும் அதே சட்டம்தான்.

மெல்லிசை நிகழ்ச்சி பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. மறுபடி நடத்தாதீர்கள். 30 ஆயிரம் என்பது முப்பது சனிக்கிழமை, மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

சரி, விலகுவதா? வேண்டாம் என்பது என் எண்ணம். தெரியாத ஆளிடம் போய் வாசலில் நின்று பேச்சைத் தொடங்க உங்களால் முடிகிறது, அது ஒன்பது பேரில் ஒருவருக்குத்தான் வாய்க்கும். முடித்துவைக்கத்தான் வரவில்லை. குழுவில் யாரோ ஒருவர் டப்பாவுக்கெல்லாம் லேபிள் ஒட்டி வைக்கிற ஆளாக இருப்பார், எந்தப் பணத்தையும் மூன்று தடவை எண்ணுவார், அவரை இணைத்தலைவர் ஆக்குங்கள், ரசீதும் பட்டியலும் அவர் பொறுப்பு, அதில் நீங்கள் தலையிடவே வேண்டாம். உங்கள் பதவிக்கு இரண்டு வருடம் என்று ஒரு கெடு இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், முடிவு தெரிந்தால்தான் மனசு நிலைக்கும். டாக்டர் சொன்னதைக் குழுவில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம், அதைப் பதவிக்குக் காரணமாக யாரும் கேட்க முடியாது.

கியூஆர் கோடு வாங்க பேங்குக்கு நீங்களும் பொருளாளரும் சேர்ந்தே போங்கள். டிரஸ்ட் பத்திரம், டிரஸ்ட் பான் கார்டு, கமிட்டித் தீர்மானத்தின் நகல், இரண்டு பேருடைய ஆதார், ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டாம்ப்பை மறந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் நிறைய பேர், முதல்நாள் ராத்திரியே அதை வண்டிச் சாவியோடு கட்டி வையுங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், கூட்டம் தாங்காது.